காயலான் கடையின் கதை

துருப்பிடித்த பூட்டு, கால் ஒடிந்த கட்டில், பிரம்பு அறுந்த நாற்காலி, கைப்பிடி இழந்த அண்டா ஆகியவற்றை வாங்கி விற்கும் கடையைத் தமிழ் மக்கள் ‘காயலான் கடை’ என்று அழைக்கின்றனர். ‘காயலா’ என்பது நோயைக் குறிக்கும் சொல்லாதலால், நோயுற்ற பொருள்கள் கிடக்கும் இடமென்று இப்பெயருக்குப் பொருள் கூறுவாரும் உளர். ஆனால், காயல்பட்டினத்து மக்கள் நடத்திய கடை என்னும் பொருளிலேயே இச்சொல் பிறந்தது என்பதுதான் பெரும்பாலோர் கொள்ளும் விளக்கமாகும். ஓர் ஊரின் பெயர், நம்மவரின் ஊர் ஒன்றின் பெயர், ஒரு வணிகத்திற்கே பெயராகி நின்றுவிட்டது.

அந்த ஊர் எத்தகையது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றி வந்த கப்பல்கள் தங்கிச் சென்ற இடம் அது. முத்தும் குதிரையும் விற்ற மரபினர் பிற்காலத்தில் பழம்பொருள் வாங்கி விற்கும் தொழிலிலும் இறங்கினர். இதில் இகழ்வதற்கு ஒன்றுமில்லை. எந்தப் பொருளுக்கு எங்கே மதிப்பு உண்டு என்பதை அறிவதுதானே வணிகம்? ஆயினும், இன்று “காயலான் கடைக்குப் போடு” என்னும்போது அச்சொல்லில் ஓர் ஏளனம் ஒலிக்கிறது. பழம்பொருளைப் புதுவாழ்வுக்குக் கொண்டுவரும் இவ்வணிகத்தின் வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சான்றாகக் கொண்டு சிறிது நோக்குவோம்.

அரண்மனையே இடம்பெயர்ந்தது

பழைய வீட்டுப் பொருளை வாங்கிப் புது வீட்டில் வைப்பது எளியோரின் வழக்கம் என்று எண்ணுகிறோம். திருச்சிராப்பள்ளியின் வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் 1636ஆம் ஆண்டில் எழுப்பிய மகாலை அறியாதார் இல்லை. அவருடைய பேரரான சொக்கநாத நாயக்கர் 1659ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்தார். பின்னர் அவர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபொழுது, பாட்டனார் கட்டிய மகாலின் பெரும்பகுதியைப் பிரித்து, அதன் மர வேலைப்பாடுகளையும் அணிகளையும் இங்கே அரண்மனை கட்டுவதற்காகக் கொண்டுவந்தார் என்பது வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. இன்று மதுரையில் நாம் காண்பது அம்மாளிகையின் நான்கில் ஒரு பங்கே என்பர். எஞ்சியதையும் காலம் தின்றுவிடாதபடி, 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார்.

பேரர் செய்தது சரியா, தவறா? ஒரு கலைக்கூடம் சிதைந்தது என்று மதுரை வருந்துவது நியாயமே. பிரித்துக் கொண்டுவரப்பட்டவை திருச்சிராப்பள்ளியில் எங்கே போயின என்று காட்டவும் இன்று வழியில்லை. மலைக்கோட்டையின் அடியில் நின்ற அரண்மனையில் எஞ்சியிருப்பது, மக்கள் ராணி மங்கம்மாள் மகால் என்று வழங்கும் கொலு மண்டபமே. நாயக்கருக்குப் பின் நவாபுகளும், நவாபுகளுக்குப் பின் ஆங்கிலேயரும் இந்நகரைத் தம் ஆளுகையில் வைத்திருந்தனர். அரசு அலுவலகங்கள் சூழ நிற்கும் அம்மண்டபம் இப்போது அரசு அருங்காட்சியகமாக விளங்குகிறது. கொலு வீற்றிருந்த இடமே பழம்பொருள் காக்கும் இடமாயிற்று. கோட்டை மதில்கள் மறைந்தும் மெயின்கார்டு கேட் மட்டும் நிற்பதுபோல, ஏதேனும் ஒரு பயன் இருந்த கட்டடமே இந்நகரில் பிழைத்திருக்கிறது. பயன்படும் பொருள் வாழும். பயன்படாதது, எத்துணை அழகியதாயினும், அழியும். இதுவே இந்நகரம் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

குர்துபாவின் தூண்கள்

பழம்பொருளைக் கொண்டு புதியதைச் சமைக்கும் கலைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் முதலாம் அப்துர் ரஹ்மான் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பள்ளியைக் கட்டத் தொடங்கினார். அதற்குரிய தூண்கள் பல, ரோமானியரும் விசிகோத்தியரும் கட்டிக் கைவிட்ட பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று வழுவழுப்பு, ஒன்று வரியோடியது. தூண்கள் உயரம் போதாமையால் கூரை தாழ்ந்துவிடும் என்ற நிலை வந்தது. கட்டடக் கலைஞர் என்ன செய்தார்? வளைவின் மேல் வளைவாக இரண்டடுக்கு வளைவுகளை எழுப்பிக் கூரையை உயர்த்தினார். இன்று உலகமே சென்று வியந்து பார்க்கும் அந்தச் செம்மையும் வெண்மையும் கலந்த இரட்டை வளைவுகள், பழைய தூணின் குறையை நிறைவாக்கும் முயற்சியில் பிறந்தவையே. கிடைத்த பொருளின் குறையை அறிந்து, அதற்கேற்ப வேலையை அமைப்பவனே கைவினைஞன்.

ஆற்றைக் கடந்து வரும் மரம்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பழைய வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு செல்லும் அவ்வீடுகளில் எங்கு நோக்கினும் மரமே. தூண், உத்திரம், நிலை, கதவு, ஊஞ்சற் பலகை, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் என அவற்றின் பட்டியல் நீளும். வாரிசுகள் பெருகி வீடு பங்காகும்போதும், பழைய வீடு இடிந்து அடுக்ககம் எழும்போதும் அம்மரங்கள் விலைக்கு வருகின்றன. ஆற்றைக் கடந்து திருச்சிராப்பள்ளித் தச்சர்களின் பட்டறைகளை அவை அடைகின்றன.

இம்மரங்களுள் பெரிதும் போற்றப்படுவது பர்மாத் தேக்கு. தமிழ் வணிகர்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை விரித்திருந்த காலத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மரம் அது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, நம்மவர் பல்லாயிரவர் உடுத்த துணியோடு நடந்தே திரும்பினர். சேர்த்த செல்வம் அங்கே நின்றுவிட, முன்னரே ஊருக்கு அனுப்பிய கட்டிலும் அலமாரியும் சாய்வு நாற்காலியுமே பல குடும்பங்களில் அக்காலத்தின் சாட்சியாயின. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதனை எளிதில் தீண்டாது. பல்லாண்டு காற்றிலும் வெயிலிலும் பதப்பட்ட மரம் இனி முறுகாது, வெடிக்காது. எனவேதான் அறிந்த தச்சர் புது மரத்தைவிடப் பழைய மரத்தை விரும்புகின்றார்.

தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியது. அதனோடு வளர்ந்த குடியிருப்பின் தேவைக்காக எழுந்த பொன்மலைச் சந்தை ஞாயிறுதோறும் கூடுவது. காய்கறிக்கு வந்தவர் கையில் ஒரு பழைய உளியோ பித்தளை விளக்கோ ஏறுவது அங்கே இயல்பு. சென்னையில் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டும் இத்தகைய பெருஞ்சந்தையாக விளங்கியது. பழைய நூல்களுக்கும் பழைய தட்டுமுட்டுகளுக்கும் புகலிடமாக இருந்த அக்கட்டடம் 1985ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. அன்று எரிந்த ஏடுகள் எத்தனை என்று எவர் கணக்கிட முடியும்? காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலோ, செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்த கதவுகளும் கண்ணாடிகளும் பீங்கான்களும் இன்றும் வாங்குவோரை எதிர்நோக்கி நிற்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, ஒரு படி மேலே சென்று, பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தி நிறுத்தியுள்ளது. சொக்கநாத நாயக்கர் தமக்காகச் செய்ததை, இவர்கள் எல்லாரும் காணும்படி செய்தனர்.

நம் வீட்டுப் பெட்டகம்

பிறர் கதையைக் கூறும் நாம் நம் வீட்டுக் கதையை மறைத்தல் தகாது.

நம் பாட்டனார் திருவரங்கத்தில் பிரித்த வீடொன்றிலிருந்து ஓர் ஊஞ்சற் பலகையை வாங்கி வந்தார். தச்சர் அதற்குக் கால் பொருத்தி நீண்ட பலகைமனையாக்கினார். அதன் எதிரே அமர்ந்துதான் நாமும் நம் உடன்பிறந்தாரும் ஓதக் கற்றோம். சங்கிலி கோத்த நான்கு துளைகளில் விரலை விட்டு விளையாடி உஸ்தாதிடம் அடி வாங்கியதும் உண்டு.

பின்னாளில் வீட்டைப் புதுப்பித்தபோது, பாட்டியாரின் தேக்குப் பெட்டகம் இடத்தை அடைக்கிறது என்று காயலான் கடைக்கு விலை பேசினோம். கடைக்காரர் முதியவர். பெட்டகத்தை வண்டியில் ஏற்றிச் சென்றவர், மூன்றாம் நாள் நம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப் பொட்டலம். பெட்டகத்தின் அடித்தட்டில் ஒரு கள்ள அறை இருந்ததாம். அதற்குள் அரபுத் தமிழில் எழுதிய குறிப்பேடு ஒன்றும் சில கடிதங்களும் இருந்தன. நாம் நன்றி கூறிப் பணம் நீட்டியபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

“நான் மரத்துக்குத்தான் காசு கொடுத்தேன் தம்பி. எழுத்துக்குக் கொடுக்கலையே” என்றார்.

அக்குறிப்பேட்டைப் படிக்க நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அரபு எழுத்தைக் கூட்டி ஓத அறிவோம், தமிழ் அறிவோம், இரண்டும் சேர்ந்த எழுத்து நமக்கு அந்நியமாகிவிட்டிருந்தது. படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டபோது, அதில் பாட்டியார் தம் மக்களும் பேரரும் பிறந்த நாட்களை ஹிஜ்ரிக் கணக்கில் குறித்திருப்பது தெரிந்தது. நாம் அதுவரை பெயரே கேட்டிராத இரு குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் அதில் இருந்தன. நம் அத்தாவுக்கு ஓர் அண்ணனும் ஓர் அக்காவும் இருந்திருக்கின்றனர்.

பெட்டகத்தை மீட்கலாம் என்று கடைக்கு ஓடினோம். அது திருவரங்கத்து அம்மையார் ஒருவர் வீட்டுக்கு விற்பனையாகிவிட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு அங்கும் சென்றோம். கூடத்தில் மெருகேற்றி வைத்திருந்த பெட்டகத்தில் அவ்வம்மையார் தம் கணவரின் பிரபந்த நூல்களை அடுக்கியிருந்தார். வந்த காரியத்தைத் தயங்கிச் சொன்னதும், “உங்க பாட்டியோடதா? அப்படீன்னா எடுத்துண்டு போங்கோ. புஸ்தகத்துக்கு வேற இடம் பார்த்துக்கறேன்” என்றார்.

“வேண்டாம் மாமி, இங்கேயே இருக்கட்டும்” என்றோம். அந்த வீதியிலிருந்து ஊஞ்சற் பலகை நம் வீட்டுக்கு வந்தது. நம் பெட்டகம் அந்த வீதிக்குப் போயிற்று. நாம் இடத்தை அடைக்கிறதென்று தள்ளிய பொருளை அவர் நூல்களுக்கு உறைவிடமாக்கியிருந்தார். அதைத் திரும்பக் கேட்க நமக்கு என்ன உரிமை?

கருத்தில் கொள்ளத்தக்கவை

பழைய மரச்சாமான் வாங்க விழைவோர் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மெருகு முன்புறத்தில்தான் பொய் சொல்லும். சிறு துளைகளும் மாவுபோல் உதிரும் தூளும் இருப்பின் மரத்தை உளு அரிக்கிறது என்று பொருள். விரலால் தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழுமாயின் விட்டுவிடுவதே நன்று. ஆணியின்றிக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தியது நல்ல தச்சரின் வேலை. அதனைப் பிரித்து மீண்டும் பூட்டலாம். கதவு மேசையாகலாம், சாளரம் கண்ணாடிச் சட்டமாகலாம், பத்தாயம் துணிப்பெட்டியாகலாம். அறுப்பதற்கு முன் அளப்பது இதில் தலையாய விதி.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகக் கொள்ளப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அயல்நாட்டில் வாழும் மக்களுக்குப் பாட்டனார் வீட்டுச் சிற்பக் கதவை அனுப்ப எண்ணுவோர் இதனை முதலில் விசாரித்தறிய வேண்டும். வழிபாட்டு இடங்களிலிருந்து வந்ததோ என ஐயம் எழும் பொருளை, விலை மலிவு என்பதற்காகத் தொடவே கூடாது.

விற்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழைய பொருளையும் கட்டிக் காப்பது இயலாது. இடம் இல்லை, பேணுவார் இல்லை. விற்பதில் குற்றமில்லை, வேறோர் இல்லத்தில் அது வாழும். ஆனால், விற்கும் முன் இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள். புரியாத எழுத்தில் ஓர் ஏடு கிடைத்தால் அதைக் குப்பையென்று எண்ணாதீர்கள். படிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே அவரிடம் காட்டுங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். எல்லாக் கடைக்காரரும் மூன்றாம் நாள் திரும்பி வருவர் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

நமக்கு வந்த அக்கடைக்காரர் இன்று இல்லை. அவருடைய கடையும் இல்லை. ஆனால், ‘காயலான் கடை’ என்று எவரேனும் இகழ்ந்து பேசக் கேட்கும்போது, துணிப் பொட்டலத்தோடு வாசலில் நின்ற அம்முதியவரே நம் கண்முன் வருகிறார். நம் குடும்பத்தின் இரண்டு பெயர்களை நமக்கு மீட்டுத் தந்தவர் அவர்.