பெயர் கிடைத்தது, குணம் தெரியவில்லை

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்றோர்க்கு, புதிய ஊரின் மீன் சந்தையும் ஒரு பள்ளிக்கூடமே. கொல்கத்தா வந்த புதிதில், மீன் கூடைகளின் முன் பெயர் தெரியாது விழித்து நின்றிருக்கிறோம். நம் கடற்கரையில் ‘உள்ளம்’ எனப்படும் மீனே இங்கு ‘இலிஷ்’ என்னும் பெயரில் அரியணை ஏறியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. அந்த அறியாமையால் நாம் இழந்தவை நல்ல உணவு வேளைகள் சிலவே. ஆனால், அறியாத மீன் ஒன்று உலகப் புகழ் பெற்ற கடலோடி ஒருவரின் உயிரையே வாங்கப் பார்த்த வரலாறும் உண்டு.

அவர் பெயர் ஜேம்ஸ் குக். ‘ரெசல்யூஷன்’ என்னும் கப்பலில் 1772 முதல் 1775 வரை அவர் தம் இரண்டாம் உலகப் பயணத்தை மேற்கொண்டார். 1774 செப்டம்பர் 5 அன்று, பசிபிக் கடலில் தாம் ‘நியூ கலிடோனியா’ எனப் பெயரிட்ட தீவின் பலாடே கரையருகே நங்கூரமிட்டார். கப்பலில் இயற்கை நூல் வல்லார் இருவர் இருந்தனர். ஒருவர் யோகான் ரைன்கோல்ட் ஃபார்ஸ்டர். மற்றவர் அவர்தம் மகன், பத்தொன்பது வயதினரான கேயார்க் ஃபார்ஸ்டர்.

சில நாட்களில், தீவினர் ஒருவர் பிடித்த விந்தையான மீன் ஒன்றைக் குக்கின் எழுத்தர் விலைக்கு வாங்கிக் கப்பலுக்கு அனுப்பினார். எழுத்தர் தொழிலே செய்யும் நமக்கு, இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிறு கூச்சம் தோன்றுவதுண்டு. பெரிய தலையும் அழகற்ற தோற்றமும் கொண்ட அம்மீனை இரவு உணவுக்குச் சமைக்குமாறு குக் பணித்தார்.

இங்கே வரலாறு இரு குரலில் பேசுகிறது. நஞ்சுடையது என்னும் ஐயமே தமக்கு எழவில்லை என்று குக் எழுதினார். கேயார்க் எழுதியதோ வேறு. இது லின்னேயசு ‘டெட்ராடான்’ எனப் பெயரிட்ட இனத்தைச் சார்ந்தது, அவ்வினத்துள் சில நஞ்சுடையன என்று தாங்கள் எடுத்துரைத்ததாகவும், முந்திய பயணத்தில் ஆஸ்திரேலியக் கரையில் இதே மீனை உண்டும் தீங்கு நேரவில்லை என்று குக் மறுமொழி கூறியதாகவும் அவர் குறித்துள்ளார். இரு நூல்களும் 1777இல் சில வார இடைவெளியில் வெளிவந்தன. இருவருள் யார் கூற்று மெய்யாயினும், ஒன்று உறுதி: எச்சரித்ததாகக் கூறியவர்களும் அதே மேசையில் அமர்ந்து அதே மீனைச் சுவைத்தார்கள். நூலறிவு வாயளவில் இருந்தது. கையைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. இத்தனைக்கும் ஆறு வாரங்களுக்கு முன்னர்தான், மலக்கூலாத் தீவருகே பிடித்த செந்நிற மீனை உண்டு அதே கப்பலின் அதிகாரிகள் பத்து நாள் வரை நோயுற்றுக் கிடந்தனர்.

ஒரு சிறு தாமதம் அவர்களைக் காத்தது. மீனை வரைந்து, அங்க அடையாளங்களை எழுதி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. முழு மீனையும் சமைக்க இயலாமையால் ஈரலும் சினையும் மட்டுமே சமைக்கப்பட்டன. மூவரும் சிறிதே சுவைத்தனர். பின்னிரவு மூன்று மணியளவில் கைகால்கள் மரத்துப்போயின. உடல் சோர்ந்து வீழ்ந்தது. நீர் நிறைந்த பாத்திரமும் ஓர் இறகும் தம் கையில் ஒரே எடையாகத் தோன்றின என்று குக் எழுதுகிறார். வாந்தி மருந்து உண்டு, வியர்வை வருவித்து, ஒருவாறு தேறினர்.

விடிந்தபோது, அம்மீனின் குடலைத் தின்ற பன்றி ஒன்று செத்துக் கிடந்தது. கப்பலேறி வந்த தீவினர், தொங்கவிடப்பட்டிருந்த மீனைக் கண்டதும் அருவருப்புக் காட்டி, அது உண்ணத் தகாதது என்று உணர்த்தினர். விற்கும்போது இவ்வாறு எவரும் கூறவில்லையே என்று குக் வியக்கிறார். ஆனால், வாங்கியபோது உண்ணத் தகுமா என்று கேட்டறிந்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. அவர்களிடையே பொதுமொழி இல்லை. எனினும் மறுநாள் காலையில் சைகையே போதுமானதாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் அம்மீனுக்கு இலத்தீன் மொழியில் ‘சேலராட்டசு’, அதாவது ‘கொடியது’, என்னும் சிறப்புப் பெயர் அமைந்தது. 1789இல் கிமெலின் என்னும் அறிஞர் அதனை அச்சேற்றினார். நஞ்சினைப் பிரித்தறிந்து ‘டெட்ரோடாக்சின்’ எனப் பெயரிட்டவர் ஜப்பானியரான தஹாரா, ஆண்டு 1909. அது ஈரலிலும் சினையிலும் மிகச் செறிந்திருக்கும். அடுப்பின் வெப்பத்தால் அழியாது. நரம்புகளின் சோடிய வாயில்களை அடைத்து, உடலை மரத்துப்போகச் செய்யும். இதற்கு மாற்று மருந்து இன்றளவும் இல்லை.

ஆய்வுக்கூடம் பின்னாளில் மெய்ப்பித்த இவ்வுண்மையின் பயனை நம் கடற்கரை மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கின்றனர். வலையில் ஏறும் இவ்வகை மீன்களுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பேத்தை’. அது வயிற்றை ஊதிக் காட்டினால் சிறுவர்க்கு விளையாட்டு. அடுக்களைக்கு மட்டும் அது போவதில்லை.

இம்மீனும் நம்மைப் போலவே புலம்பெயர்ந்தது என்பது வியப்பு. 1869இல் திறந்த சூயசு கால்வாய் வழியே மத்தியதரைக் கடலை அடைந்து, 2003இல் துருக்கிக் கரையருகே காணப்பட்டது. மீன் வந்தது, அதனை அறிந்தவரின் எச்சரிக்கை உடன் வரவில்லை. 2005 முதல் 2008 வரை இஸ்ரேலில் மட்டும் 13 பேர் இதனை உண்டு மருத்துவம் பெற நேர்ந்தது.

ஆகவே, ஒன்றன் பெயரை அறிதல் வேறு. அதனோடு வாழ்ந்தவரிடம் கேட்டறிதல் வேறு. முன்னதற்கு நூல் வேண்டும். பின்னதற்குப் பணிவு வேண்டும். அயலூரில் வாழும் நமக்கு இரண்டும் தேவை. இங்குள்ளவரிடம் இலிஷின் முள்ளை நீக்கும் பக்குவத்தைக் கேட்போம். பேத்தை என்ற பெயரையும் அதன் காரணத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். சொல் மறைந்தால் எச்சரிக்கையும் உடன் மறையும்.