பிரெண்ட் ஸ்பார்: சரியான பதிலைத் தப்பான கேள்விக்குச் சொன்ன கதை

எந்தப் பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் எங்கேயாவது ஒரு பச்சை இலைப் படம் இருக்கும். கீழே சுற்றுச்சூழலுக்காக அவங்க செய்த நல்ல காரியங்களின் பட்டியல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1995-ல் வட கடலில் நடந்த கூத்துதான் ஞாபகம் வரும். கம்பெனிகள் ஊருக்கு முன்னால் வந்து இந்தக் கணக்கைச் சொல்லப் பழகியதில் அந்தக் கூத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரெண்ட் ஸ்பார் என்பது கடலில் மிதந்த ஒரு எண்ணெய்த் தொட்டி. ஷெல், எஸ்ஸோ ரெண்டு பேருக்கும் சொந்தம். நிர்வாகம் ஷெல்லின் பிரிட்டன் கம்பெனி. எடை 14,500 டன், கொள்ளளவு 3 லட்சம் பீப்பாய். கடலுக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயை இதில் சேர்த்து வைத்து டேங்கர் கப்பலில் ஏற்றுவார்கள். 1976-ல் வேலைக்கு வந்தது. பிறகு கரைக்கே குழாய் போட்டுவிட்டதால் மவுசு குறைந்து, 1991-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

சரி, இவ்வளவு பெரிய சாமானை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஷெல் ஒன்றும் அவசரப்படவில்லை. ஆய்வுக்கு மேல் ஆய்வு. கரைக்குக் கொண்டுவந்து உடைத்தால் சுமார் 4.6 கோடி பவுண்டு செலவு, தொழிலாளர்களுக்கும் ஆபத்து அதிகம். வழியில், ஆழம் குறைந்த இடத்தில் உடைந்துபோகவும் வாய்ப்புண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் 2 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் மூழ்கடித்தால் 1.2 கோடி பவுண்டுக்குள் முடிந்துவிடும், கடலுக்கும் பெரிய கெடுதல் வராது என்பது கணக்கு. பிரிட்டன் அரசு தலையாட்டியது. 1995 பிப்ரவரியில் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் தகவல் போனது. கெடுவுக்குள் யாரும் மறுப்பு சொல்லவில்லை.

அதாவது அதிகாரிகளுக்குச் சொல்லியாச்சு, நிபுணர்களுக்குச் சொல்லியாச்சு. வேறு யாருக்கும் சொல்லணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை.

ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் ஆட்கள் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கவைத்தால் மறுபடி வந்தார்கள். ஹெலிகாப்டரை விரட்ட ஷெல் தரப்புக் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்த காட்சி ஐரோப்பா முழுக்க டிவியில் ஓடியது. சின்னப் பையனைக் குண்டன் அடிப்பது மாதிரி ஒரு படம். அதற்கப்புறம் எந்த ஆய்வறிக்கை எடுபடும்?

ஜெர்மனியில்தான் தீ பற்றிக்கொண்டது. 1991-லிருந்து அங்கே பேக்கிங் குப்பைக்குத் தனிச் சட்டம். தயிர் டப்பாவைக்கூடத் தனியாகப் பிரித்துப் போடுகிற ஜனம். அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: நான் டப்பாவைப் பிரித்துப் போடறேன், நீ 14,500 டன்னைக் கடல்ல தள்ளுவியா? இதற்கு ஷெல் சொன்ன பதில் கடல் ஆழம், கன உலோக அளவு, விபத்து சாத்தியம். பதில் தப்பில்லை. ஆனால் அவங்க கேட்டது அது இல்லையே! கேட்டது நியாயம், கிடைத்தது கணக்கு.

ஜெர்மனியில் சில ஷெல் பங்குகளில் விற்பனை பாதியாக விழுந்தது. ஹாம்பர்க்கில் ஒரு பங்குக்குத் தீ வைத்தார்கள். ஜூன் நடுவில் ஹாலிஃபாக்ஸ் ஜி-7 மாநாட்டில் ஜெர்மன் அதிபர் கோல் பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜரிடமே இதைப் பேசினார். ஜூன் 20 அன்று மேஜர் நாடாளுமன்றத்தில் ஷெல்லுக்காக வாதாடினார்; அன்று சாயங்காலமே ஷெல் திட்டத்தைக் கைவிட்டது. பாவம் மேஜர்!

கதை இதோடு முடிந்திருந்தால் 'கம்பெனி வில்லன், மக்கள் ஹீரோ' என்று போர்டு மாட்டிவிட்டுப் போகலாம். ஆனால் தொட்டியில் 5,500 டன் எண்ணெய் இருப்பதாக கிரீன்பீஸ் சொன்னது தப்பு. மாதிரி எடுத்தது தொட்டியிலிருந்து இல்லை, குழாயிலிருந்து. செப்டம்பரில் ஷெல்லிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு நார்வேயின் டிஎன்வி நிறுவனம் அளந்தபோது வந்தது 75-லிருந்து 100 டன் வாக்கில். கடலைக் குப்பைத்தொட்டியாக்கக் கூடாது என்ற அவங்க அடிப்படை வாதம் இந்த எண்ணை நம்பி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் நல்ல காரியத்துக்காகப் பேசறவங்களும் எண்ணைச் சரிபார்த்துத்தானே பேசணும்?

அதற்கப்புறம் ஷெல் இறங்கிவந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று லண்டன், கோபன்ஹேகன், ராட்டர்டாம், ஹாம்பர்க் என ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, எதிர்த்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்டது. 1998-ல் லாபமும் கொள்கையும் சேர்ந்து இருக்க முடியாதா என்று கேட்கிற தலைப்பில் ஒரு அறிக்கையும் வந்தது. இன்றைய பச்சை இலைப் பக்கங்களுக்கு அது ஒரு பெரியப்பா முறை.

ஆளுக்கு ஏத்த மாதிரி பேசணும்கிறது இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம். எனக்கு அதில் ஒரு சின்ன பயம் உண்டு. ஆளுக்கு ஏற்ற பாஷை வேறு, ஆளுக்கு ஏற்ற உண்மை வேறு. இதே ஷெல் 2004 ஜனவரியில், கையிருப்பு எண்ணெய் என்று முதலீட்டாளர்களிடம் காட்டிவந்த கணக்கில் 20 சதவீதத்தை வெட்டியது. உள்ளுக்குள் மேலதிகாரிகள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களில் இந்தக் குட்டு முன்பே இருந்தது தெரியவந்து, தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலக நேர்ந்தது. கேட்பவரை மதிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்ன அதே கம்பெனிதான்.

என்னைக் கேட்டால் சோதனை ஒன்றே ஒன்றுதான். முதலீட்டாளருக்கு எழுதியதைப் பக்கத்து மீனவர் படித்தாலும், மீனவரிடம் சொன்னதை முதலீட்டாளர் கேட்டாலும் கம்பெனிக்கு வியர்க்கக் கூடாது.

தொட்டி என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? துண்டு துண்டாக வெட்டி, நார்வேயில் ஸ்டாவஞ்சர் பக்கத்தில் மெக்யார்விக் என்ற இடத்தில் கப்பல் துறைக்கு அடித்தளமாகப் போட்டுவிட்டார்கள். 1999-ல் வேலை முடிந்தது. வட கடல் பக்கம் கடலில் மேடைகளை அப்படியே போட்டுவிட்டுப் போவதற்கும் 1998-லேயே ஆஸ்பார் நாடுகள் பொதுத் தடை போட்டுவிட்டன, சில விதிவிலக்குகளோடு.

மூழ்கியிருந்தால் யாருக்கும் பேர்கூடத் தெரிந்திருக்காது.