மார்பிடுகு பெருங்கிணறு, திருவெள்ளறை

மார்பிடுகு பெருங்கிணறு, திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள திருவெள்ளறையில் அமைந்த பல்லவர் காலப் படிக்கிணறு. ஊரார் நீராடவும் நீர் எடுக்கவும் வெட்டப்பட்ட இந்தப் பொதுக் கேணி, 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வெளியே உள்ளது. ஸ்வஸ்திகக் கிணறு, நாலுமூலைக் கேணி, மாமியார் மருமகள் கிணறு என்றும் வழங்கப்படுகிறது.

அமைப்பு

நடுவில் சதுரமான கிணறு. நாற்புறமும் அதற்குள் இறங்கும் கற்படிகள். ஒவ்வொரு படிவரிசையும் நேரே இறங்காமல் செங்கோணத்தில் திரும்புவதால், மேலிருந்து பார்க்கையில் ஸ்வஸ்திக வடிவம் தெரியும். ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறைகளில் இருப்பவர் காண முடியாது. கதவோ மறைப்போ இல்லாமல், படிகளின் திருப்பத்தைக் கொண்டே குளிப்பவர்களுக்கு மறைவைத் தந்த சிற்பியின் திறன் வியக்கத்தக்கது. குஜராத்தில் படிக்கிணறுகள் ஏராளம்; தமிழகத்தில் இத்தகைய வடிவம் மிக அரிது.

வரலாறு

பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் பணி தொடங்கி 5ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இது ஏறத்தாழ கி.பி. 800. வெட்டுவித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன். மன்னனின் விருதுப்பெயரான மார்பிடுகு கிணற்றுக்குச் சூட்டப்பட்டது. ஆலம்பாக்கத்து ஏரி ஒன்றும் அதே பெயர் பெற்றது. முதுமை வந்து தளர்த்துமுன் உண்டது போக மிஞ்சியதை அறத்துக்கு ஈயுமாறு அறிவுறுத்தும் தமிழ்ப்பாடல் ஒன்றும் இங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

காப்பும் சீரமைப்பும்

நீர்நிலை வெட்டுவதோடு அறம் முடிவதில்லை என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர். அதனால்தான் திருவெள்ளறை மூவாயிரத்து எழுநூற்றுவர் இதன் காவலர்களாகக் கல்வெட்டிலேயே குறிக்கப்பட்டனர். சுமார் 450 ஆண்டுகளுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டில் போசளர் காலத்தில், பழுதுற்றிருந்த கிணறு செப்பனிடப்பட்டது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

படிக்கிணற்றைப் பேணுவது கல் வேலையோடு நிற்பதன்று. படிகளில் மண் சேராமல் தூர்வாருவது, கற்சந்துகளில் செடி வேர்விடாமல் களைவது, சுற்றுப்புற நிலத்தடி நீர் தாழாமல் காப்பது ஆகிய மூன்றும் இடைவிடாமல் நடக்க வேண்டும். துறை சார்ந்த வல்லுநர்களோடு ஊரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு இது. மூவாயிரத்து எழுநூற்றுவரிடம் அன்று ஒப்படைக்கப்பட்டதும் இதுவே.