பிடியரிசியும் உதவி நன்கொடையும்

சங்கம் ஒன்றைத் தொடங்குவதற்கு ஒரு மாலைப்பொழுதும் பத்துப் பேரும் போதும். அச்சங்கம் நிலைபெறுவதற்குப் பொருள் வேண்டும். நூல்நிலையத்துக்கு அலுமாரி, அறநெறி வகுப்புக்குப் பாய், பரிசளிப்புக்குப் புத்தகம், ஆண்டு மலருக்கு அச்சுக்கூலி என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். அப்பொழுது எல்லோர் வாயிலும் எழும் வினா ஒன்றே: பணத்துக்கு எங்கே போவது? நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட வழியையும் பட்ட இடரையும் இளைஞர் அறிந்துகொள்ளுதல் நன்று.

1848ஆம் ஆண்டு மாத்தளை மக்கள் மறக்கவியலாத ஆண்டு. தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்மக்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. யூலை மாத இறுதியில் மக்கள் திரண்டெழுந்து மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வெசுலியன் மிசன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியாரின் கீழ்ப் பார்த்துவந்த உத்தியோகத்தை விட்டு வந்தவர் அவர். கையிற் பொருளில்லை, அரசாங்க உதவியுமில்லை. ஊராரிடம் கேட்டார், ஊரார் கொடுத்தனர். மலைநாட்டில் வலிந்து வாங்கிய பணம் கலகத்தை விளைத்த அதே ஆண்டில், வடக்கே மனமுவந்து ஈந்த பணம் ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பியது. சைவப் பாடசாலைகளின் பொருட்டு வீடுதோறும் பிடியரிசி சேர்க்கும் வழக்கமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த தாய்க்கு அப்பாடசாலை தன் பாடசாலையே ஆயிற்று. நாவலர் யாசிப்பதோடு நின்றாரல்லர். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, பாலபாடம் முதலிய நூல்களைத் தாமே அச்சிட்டார்.

மற்றொரு வழியும் அக்காலத்தில் இருந்தது. மிசன் பாடசாலையிற் கற்றவனாதலின் அதனை நன்றியோடே கூறுகின்றேன். 1823இல் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் பிள்ளைகளின் செலவை ஏற்றனர்; பிள்ளைகள் பலருக்கு அவ்வன்பர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் இதற்குச் சான்று. அச்செமினரி தந்த கல்வி மிக உயர்ந்தது. ஆயினும் அமெரிக்காவிலிருந்த தலைமைச் சபையார் தம் கொள்கையை மாற்றியபொழுது 1855இல் அது மூடப்பட்டது. இங்குள்ளோர் குறையிரந்தும் பயனில்லை. பின்னர் ஊர்க் கிறித்தவர்கள் விடாது முயன்றமையால் 1872இல் அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. கடல் கடந்து வந்த கொடை எத்துணை நல்லதாயினும், அதன் கடிவாளம் கொடுத்தவர் கையில் இருக்கும் என்பது இதனாற் புலனாகும்.

அரசாங்க உதவியின் வரலாறும் இத்தகையதே. 1841இல் அமைந்த மத்திய பாடசாலை ஆணைக்குழுவின் காலத்தில் உதவிப்பணம் கிறித்தவக் கல்வியோடு பிணைந்திருந்தது. 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றிய பின்னரே சைவரும் பௌத்தரும் உதவி நன்கொடை பெற வழி பிறந்தது. அதன் பின்னும் 1890களில் வந்த கால் மைல் விதி, முன்னமே உள்ள பாடசாலைக்கு அருகிற் புதிதாகத் தொடங்கியவர்க்கு நன்கொடையை மறுத்தது. பட்டினங்களில் முந்தி நின்றவை மிசன் பாடசாலைகளே ஆதலின் இடர்ப்பட்டவர் யார் என்று சொல்லவேண்டுவதில்லை. ஈற்றில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின.

அங்ஙனமாயின் ஊர்ப்பணம் மாத்திரம் போதுமா? போதாது. நாவலர் 1872இற் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருளின்மையாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவரைப்போன்ற பெரியாராலும் தனித்துச் சுமக்க இயலாத பாரம் அது. அவர் காலத்தின்பின் 1888இல் நிறுவப்பெற்ற சைவ பரிபாலன சபை அப்பாரத்தைச் சபையாக ஏற்றது. இன்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஓங்கி நிற்கின்றது. 1923இல் இராசரத்தினம் அவர்கள் முன்னின்று நிறுவிய சைவ வித்தியா விருத்திச் சங்கமோ நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. ஊரார் கட்டடம் கட்டிக்கொடுக்க, சங்கம் விதிப்படி விண்ணப்பித்து உதவி நன்கொடையைப் பெற்றது. முதலில் ஊரார் கை, அதன்பின் அரசாங்கத்தின் கை என்பதே அவர்கள் கண்ட முறை.

நம் மாவட்டத்திலும் அம்முறை இல்லாமற் போகவில்லை. 1983இல் எரியுண்ட மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அடியார் கொடையால் மீள எழுந்தது. தோட்டங்களிற் செக்றோலிற் கழிக்கப்படும் கோயிற்பணமும் பிடியரிசியின் தம்பியே. கொடுக்கும் மனம் நம்மவரிடம் என்றும் உண்டு. குறைவது கணக்கு.

ஆதலின் இளைஞர்காள்! சங்கத்தின் யாப்பை எழுதிவையுங்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஐந்து ரூபா தந்தவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். அதன்பின் இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களத்துக்கோ பிற கொடையாளருக்கோ விண்ணப்பிக்கும்பொழுது, எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், அதில் எவ்வளவை நாமே திரட்டியுள்ளோம் என்ற மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். தரப்படும் பணத்தோடு வரும் நிபந்தனையை வாசித்தபின் ஒப்பமிடுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாயிலில் நிற்கும்பொழுது ஒரு பிடி கொடுங்கள். அடுத்த ஆண்டு கணக்கும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தாற் சங்கம் நிலைபெறும்.