கற்பனைதான், ஆனா வெறும் கற்பனை இல்ல

1/ "கண்ணை மூடி, பிடிச்ச இடத்தை நினைச்சுக்கோங்க"ன்னு டாக்டர் சொன்னா சிரிக்காதீங்க. இதுக்குப் பின்னாடி 200 வருஷத்துக்கு மேலான கதை இருக்கு.

2/ 1784, பாரிஸ். உடம்பில் ஓடும் காந்த சக்தியால் நோய் தீரும் என்றார் மெஸ்மர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்த அரசுக் குழு, நோயாளிகளின் கண்ணைக் கட்டி அந்த முறையைச் சோதித்தது. காந்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் கற்பனையின் வேலை என்று முடித்துவிட்டது.

3/ சரி, கற்பனையே இவ்வளவு செய்யுதா? அந்தக் கேள்வியை அப்போ பெரிசா யாரும் தொடரல.

4/ 1845, வங்காளத்து ஹூக்ளி. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து வராத காலம். கத்தி வைத்தால் நோயாளியை அமுக்கிப் பிடிக்கணும். ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மெஸ்மர் பாணியில் கைகளை மெதுவாக ஓட்டி, உறக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார். முதல் ஆள் விரைவீக்கம் வந்த ஒரு கைதி. அடுத்த வருஷமே கல்கத்தாவில் இதற்கென மருத்துவமனை.

5/ 1846-ல் ஈதர், 1847-ல் குளோரோஃபார்ம். நம்பி எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய மருந்து வந்ததும் எஸ்டெயில் முறை ஓரம்போனது. நியாயம்தான்.

6/ 1970-களில் அமெரிக்காவின் கார்ல் சைமன்டன், வெள்ளணுக்கள் புற்றை அழிப்பதாக மனசுல பார்க்கச் சொன்னார். பதற்றம் குறையலாம். ஆயுள் கூடும்னு நிரூபணம் ஆகல.

7/ அதனால எல்லை தெரிஞ்சு பயன்படுத்துங்க. பயம், வலி, தூக்கமின்மைக்கு இது துணை. சேலம், நாமக்கல் ஆளுங்களுக்குக் கொல்லிமலை ஆகாய கங்கை போதும்: சத்தம், சாரல், ஈரக்காத்து, மெதுவான மூச்சு. தண்ணி பயமா? உங்க தென்னந்தோப்பு இருக்கு. 70 கொண்டை ஊசி வளைவை மட்டும் நினைக்காதீங்க!

8/ கீமோவையோ மாத்திரையையோ இதுக்காக நிறுத்தாதீங்க. துணைக்கு வந்தவரை டிரைவர் சீட்ல உக்கார வைக்கக்கூடாது.