சிறுநீர்ப்பையின் அரிய புற்றுநோய்களும் அறுவை சிகிச்சையும்

போடிமெட்டுச் சரிவுகளில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வருவோர், சிறுநீர் சிவந்து போனால் 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு மறுநாள் ஜீப் ஏறிவிடுகிறார்கள். எரிச்சலோ வலியோ இருந்தால் பெரும்பாலும் கல்லோ கிருமித்தொற்றோதான். வலியே இல்லாமல் இரத்தம் வந்து, தானாக நின்றும் விடுகிறதே, அதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சுமார் 90 சதவீதம் யூரோதீலியல் வகை. அது தசைக்குள் இறங்காதவரை, சிறுநீர்த் துவாரம் வழியாகவே சுரண்டி எடுத்து, பி.சி.ஜி. மருந்தை உள்ளே செலுத்துவார்கள். மீதமுள்ள அரிய வகைகளுக்கு இவ்வழி பொதுவாகப் போதாது.

அவற்றுள் செதிள் செல் புற்றுநோய், நீண்டநாள் கல், ஆண்டுக்கணக்கில் பொருத்திய டியூப் ஆகியவற்றின் உறுத்தலால் வரலாம். எகிப்தில் நைல் நீரில் பரவிய பில்ஹார்சியா புழுவால் இது மிகுந்திருந்தது. அங்குள்ள மன்சூரா சிறுநீரக மையத்தில் டாக்டர் முஹம்மது குனைம் குழுவினர் 1,026 பேருக்குச் செய்த அறுவை சிகிச்சைகளின் முடிவுகளை 1997இல் வெளியிட்டார்கள். பை முழுவதையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு அகற்றுவதே அந்த சிகிச்சை. ஆண்களுக்குப் புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் சேர்த்து எடுக்கப்படும்.

யூராக்கஸ் புற்றுநோய் பையின் உச்சியில், கருவில் தொப்புளோடு இணைந்திருந்த குழாயின் எச்சத்தில் தோன்றுவது. இதற்குப் பையின் மேற்பகுதி, அந்தக் குழாய், தொப்புள் மூன்றையும் ஒரே துண்டாக எடுத்தால் பல நேரங்களில் மீதிப் பை தப்பிவிடும். சிறு செல் வகை வேகமாகப் பரவுவது. அதற்குக் கீமோதெரபியே முதலில்.

பையை எடுத்தபின் சிறுகுடல் துண்டொன்றின் வழியே வயிற்றில் வாய் அமைத்து, வெளியே பிளாஸ்டிக் பை ஒட்டுவார்கள். "தொழுகை போய்விடுமே" என்று இதை மறுப்பவர்கள் உண்டு, தேவையற்ற அச்சம். தொடர்ந்து சிறுநீர் கசிபவர் ஷரீஅத்தில் உளூவுக்குச் சலுகை பெற்றவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும், ஷாஃபிஈயில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தொழலாம்.

க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். சிறுநீரக அறுவைத் துறை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள். குடல் புற்றுநோய் பைக்குப் பரவியும் இப்படித் தோன்றலாம் என்பதால், பயாப்ஸி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டிய பிறகே அறுவைக்குச் சம்மதியுங்கள்.