பல் பிடுங்கிய பின் ஆறாத தாடை எலும்பு: சத்திரசிகிச்சை நோக்கின் மாற்றமும் கொழும்பின் நோயாளரும்

பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தத்தினுள் புதிய குருதிக்கலன்கள் ஊடுருவி, அவற்றைத் தொடர்ந்து எலும்பு படிவதே இயல்பான ஆறுதலாகும். உறைவு சில நாள்களிலேயே கரைந்து எலும்பு வெளித்தெரியும் ‘உலர்குழி’ கடும் வலி தருவதாயினும், குழியைக் கழுவி மருந்திட்டால் பெரும்பாலும் தானே தணியும். வாரக்கணக்கில் மூடாமல் எலும்பே மடிந்துபோகும் நிலைதான் சத்திரசிகிச்சையாளரை நெடுங்காலம் வருத்தியது.

1845இல் வியன்னாவின் லோரின்சர், தீக்குச்சித் தொழிலாளரிடையே வெண்பொசுபரசு ஆவியால் தாடை அழுகுவதை விவரித்தார். மடிந்த துண்டை அகற்றுவதே அன்றைய சிகிச்சை. நோய் ஒழிந்ததோ அப்பொருளைத் தடைசெய்த 1906ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை போன்ற சட்டங்களால். 1915இல் அமெரிக்கரான ஜி. வி. பிளாக், தாடையின் உள்ளே மறைந்து பரவும் எலும்புச் சிதைவை விவரித்து, நல்ல எலும்பு தென்படும்வரை சுரண்டியெடுக்குமாறு கூறினார். காரணம் தெரியாத முகவலிக்கெல்லாம் இத்தகைய மறைகுழிகளையே காரணமாக்கிச் சுரண்டும் வழக்கம் பின்னாளில் சிலரிடையே பரவியது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதோடு, நோயற்ற பற்களையும் அது பலிகொள்ளக்கூடியது.

சுரண்டலின் எல்லையைத் தெளிவாகக் காட்டியது கதிர்ச்சிகிச்சை. கதிர்பட்ட எலும்பில் குருதிக்கலன்களும் உயிருள்ள கலங்களும் ஒட்சிசனும் குறைந்துவிடுகின்றன என்று 1983இல் சத்திரசிகிச்சையாளர் ராபர்ட் மார்க்ஸ் விளக்கியபோது, அத்தகைய எலும்பைக் கிளறுவது ஆறும் வலுவற்ற இடத்தில் இன்னொரு காயத்தை உண்டாக்குவதே என்பது புலப்பட்டது. அவர் வலியுறுத்திய உயரழுத்த ஒட்சிசன் சிகிச்சை, பல் பிடுங்கும்போது எலும்பு மடிவதைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை 2019இல் வெளியான பிரித்தானியச் சோதனை உறுதிப்படுத்தவில்லை.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்பதால் இவ்வரலாறு கொழும்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் வழக்கம் அதன் முதன்மைக் காரணம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பதிவுசெய்தது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை பெற்றுக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் ஒருவருக்குப் பல ஆண்டுகளின் பின் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினாலும், கீழ்த்தாடை ஆறாமற் போகக்கூடும். தொடக்க நிலையில் வாய் கழுவுதலும், நுண்ணுயிர்க்கொல்லியும், தளர்ந்த துண்டை மட்டும் அகற்றலும் போதுமாகலாம். தாடை முறிந்தாலோ தோல்வரை துளைபட்டாலோ, இரத்தம் கசியும் எலும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, காலின் சிற்றெலும்பைக் குருதிக்கலனோடு கொணர்ந்து பொருத்துவர். இம்முறையைத் தாடைக்குக் கையாண்டதைச் சத்திரசிகிச்சையாளர் ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார்.

2003இல் மார்க்ஸ் தாடை எலும்பு மடிவதற்கு இன்னொரு காரணத்தையும் முன்வைத்தார்: புற்றுநோயாளருக்கு நாளத்தின் வழியே ஏற்றப்படும் பாமிட்ரோனேட், சொலெட்ரோனேட் மருந்துகள். கதிர்ச்சிகிச்சை பெறாத தாடையில், இத்தகைய மருந்துக்குப் பின் எட்டு வாரங்களுக்கு மேல் எலும்பு வெளித்தெரிந்தால் அது மருந்துசார் எலும்புமடிவாகக் கொள்ளப்படுகிறது. எலும்புத் தேய்வுக்கு அதே வகை மருந்தான அலெண்ட்ரோனேட்டை விழுங்கும் வெள்ளவத்தை முதியவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவே, ஆயினும் அற்றுப்போவதில்லை.

ஆகவே, சேதமுற்ற பற்களைக் கதிர்ச்சிகிச்சை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பேனும் பிடுங்கிக் காயம் ஆறவிடுவது, பிற்காலச் சத்திரசிகிச்சை எதனையும்விடப் பயன் மிக்கது. அந்த வாய்ப்புத் தவறியவர் காலி வீதியின் தனியார் பல் வைத்தியரிடம் செல்லும்போது, பெற்ற சிகிச்சை பதியப்பட்ட கிளினிக் கொப்பியையும் எடுத்துச்சென்றால், பல்லைப் பிடுங்காது வேர்ச்சிகிச்சையால் காப்பாற்ற முடியுமா என்பதை வைத்தியர் முதலில் ஆராய இயலும்.